தண்டனை வரியை எழுதும் முன்: நீதித்துறை நடுவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்பமை நீதித்துறை நடுவர்களுக்கு,

வணக்கம். தமிழ்நாட்டின் கீழமை நீதிமன்றங்களில் குற்ற வழக்குகள் நடத்தும் வழக்கறிஞன் எழுதுகிறேன். மனுக்களில் வழக்கமாக எழுதும் 'கனம் கோர்ட்டார் அவர்கள் சமூகத்துக்கு' என்ற நடையை இங்கே விட்டுவிடுகிறேன். கோர்ட்டுக்குள் நின்றுகொண்டு சொல்ல முடியாத சிலவற்றைச் சொல்லத்தான் இந்த மடல்.

தூக்குத் தண்டனை பற்றியோ ஆயுள் தண்டனை பற்றியோ இதில் எதுவும் இல்லை. 1980-ல் பச்சன் சிங் வழக்கில் தூக்கு 'அரிதினும் அரிதான' வழக்கில் மட்டும் என்ற அளவுகோல் வந்த நாளிலிருந்து அதைப் பேச ஆள் நிறைய இருக்கிறார்கள். உச்ச நீதிமன்றமே மரண தண்டனை வழக்குகளில் குற்றவாளியின் வளர்ப்பு, மனநலம், சிறையில் அவர் நடந்துகொண்ட விதம் எல்லாவற்றையும் பற்றி அறிக்கை வாங்க வேண்டும் என்று 2022-ல் மனோஜ் வழக்கில் சொல்லிவிட்டது. நான் கேட்பது உங்கள் மேசைக்கு அன்றாடம் வரும் வழக்குகளில் தண்டனை முடிவாகும் விதத்தைப் பற்றி. செல்போன் திருட்டு, பைக் திருட்டு, பக்கத்து வீட்டுச் சண்டையில் மண்டை உடைந்த வழக்கு, குடித்துவிட்டு ரோட்டில் தகராறு. இந்த நாட்டில் பெரும்பாலானவர்கள் வாழ்நாளில் நேருக்கு நேர் பார்க்கிற ஒரே நீதிபதி நீங்கள்தான்.

குற்றவாளி என்று முடிவு செய்த பிறகு நடக்கும் அந்தச் சில நிமிடங்களை எடுத்துக்கொள்வோம். வாரண்டு வழக்கு (இரண்டு ஆண்டுக்கு மேல் சிறை விதிக்கக்கூடிய குற்றம்) என்றால் தண்டனை குறித்து அவரிடம் கேட்டாக வேண்டும். புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 271(2) அப்படித்தான் சொல்கிறது. பழைய சட்டத்தில் அது 248(2). நீங்கள் கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, "என்னப்பா, தண்டனை பத்தி ஏதாவது சொல்லணுமா?" என்று கேட்கிறீர்கள். கூண்டில் நிற்பவருக்கு என்ன சொல்வதென்றே தெரியாது. வக்கீலைத் திரும்பிப் பார்ப்பார். வக்கீல் கண்ணால் ஜாடை காட்டுவார். "ஐயா, வயசான அம்மா இருக்காங்க. பாத்து பண்ணுங்க ஐயா." அவ்வளவுதான். தீர்ப்பில் அது இப்படி ஏறும் ('எதிரி' என்பது கோர்ட் நடையில் குற்றம் சாட்டப்பட்டவர்): 'எதிரி தன்னை நம்பி வயதான தாயார் இருப்பதாகவும் குறைந்தபட்ச தண்டனை வழங்குமாறும் கேட்டுக்கொண்டார்.' அதற்கு அடுத்த வரி எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். 'குற்றத்தின் தன்மையைக் கருத்தில் கொண்டு, எதிரிக்கு நன்னடத்தைச் சட்டத்தின் பயனை வழங்க இந்நீதிமன்றம் முன்வரவில்லை.'

நன்னடத்தைச் சட்டம் என்பது குற்றவாளியைச் சிறைக்கு அனுப்பாமல் கண்டித்தோ நிபந்தனையோடோ விட வழிசெய்யும் சட்டம். அந்த அடுத்த வரிதான் என் பிரச்சினை. சாட்சிகளின் வாக்குமூலத்தை வரிக்கு வரி அலசி பத்துப் பக்கம் எழுதுகிற நீதிமன்றம், ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்புவதா வேண்டாமா என்ற கேள்வியை ஒரே வரியில் முடித்துவிடுகிறது. அந்த வரியும் போன தீர்ப்பில் இருந்த அதே வரி. தண்டனை பற்றிக் கேட்பது வெறும் சடங்கல்ல, குற்றவாளியின் பின்னணியை நீதிமன்றத்தின் முன் கொண்டுவருவதற்கான கட்டம் அது என்று சாந்தா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1976-லேயே சொல்லியிருக்கிறது. அதைவிடச் சிறிய சம்மன் வழக்குகளில் சட்டம் இந்தக் கேள்வியைக்கூடக் கட்டாயமாக்கவில்லை. ஆனால் கேட்கக் கூடாது என்று எங்கும் சொல்லவும் இல்லை.

சட்டம் உங்கள் கையில் கொடுத்திருப்பது அபராதமும் சிறையும் மட்டும் என்றால் நான் இதை எழுதவே வேண்டாம். குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம் 1958-ன் 3-ஆம் பிரிவின்படி, சில திருட்டு, மோசடிக் குற்றங்களிலும், இரண்டு ஆண்டு வரை மட்டுமே சிறைத் தண்டனை உள்ள குற்றங்களிலும், முன் தண்டனை இல்லாதவரைக் கண்டித்து வீட்டுக்கு அனுப்பலாம். 4-ஆம் பிரிவு இன்னும் விரிவானது. தூக்கோ ஆயுளோ விதிக்கக்கூடிய குற்றங்களைத் தவிர மற்ற எதிலும், மூன்றாண்டு வரை நன்னடத்தைக்கான பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு விடலாம். ஜாமீன்தாரர் கட்டாயமில்லை. தேவைப்பட்டால் நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையில் விடலாம். மேற்பார்வை என்று உத்தரவிட்டால் அது ஓராண்டுக்குக் குறையக் கூடாது. கூடவே 5-ஆம் பிரிவின்கீழ் பாதிக்கப்பட்டவருக்கு நஷ்ட ஈடும் கொடுக்கச் சொல்லலாம். பத்திரத்தை மீறினால் கூப்பிட்டு முதல் குற்றத்துக்கே தண்டனை கொடுக்கலாம். இத்தனைக்கும் இது நமக்கு அந்நியமான யோசனை இல்லை. டெல்லி நாடாளுமன்றம் சட்டம் போடுவதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1936-லேயே, சென்னை மாகாணம் தனக்கென்று நன்னடத்தைச் சட்டம் போட்டுக்கொண்டது. பிறகு வந்த மத்தியச் சட்டத்தை 1964-ல் ரத்தன் லால் வழக்கில் தண்டனைச் சீர்திருத்தத்தின் மைல்கல் என்று பாராட்டிய நீதிபதி சுப்பாராவ், முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்தவர்.

இதைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பயன்படுத்தவில்லை என்றால் ஏன் என்று எழுதச் சொல்கிறது சட்டம். பழைய நடைமுறைச் சட்டத்தின் 361, இன்றைய 402, அதற்குத்தான் இருக்கிறது. பயன்படுத்த வாய்ப்பிருந்தும் பயன்படுத்தாதபோது சிறப்புக் காரணங்களைப் பதிவு செய்ய வேண்டும். 'குற்றத்தின் தன்மையைக் கருதி' என்பது எந்தக் குற்றத்துக்கும் பொருந்தும். அதை எப்படிச் சிறப்புக் காரணம் என்று ஒப்புக்கொள்வது?

21 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் விஷயத்தில் சட்டம் இன்னும் கறார். நன்னடத்தைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவு அவர்களுக்குச் சிறைத் தண்டனையே கூடாது என்றுதான் தொடங்குகிறது. நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேட்டு, அதைப் பார்த்து, 3-ஆம் பிரிவோ 4-ஆம் பிரிவோ இவருக்குச் சரிவராது என்று தோன்றினால் மட்டும், காரணம் எழுதி, சிறைக்கு அனுப்பலாம். இங்கே அறிக்கை கேட்பது உங்கள் விருப்பத்தைப் பொறுத்ததல்ல.

ஆனால் இந்தப் பாதுகாப்பு எப்படிக் கைநழுவிப் போகிறது என்று பாருங்கள். வயதைக் கணக்கிட வேண்டியது குற்றம் நடந்த நாளில் அல்ல, விசாரணை நீதிமன்றம் தண்டனையை முடிவு செய்யும் நாளில் என்று ராம்ஜி மிஸ்ஸர் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 19 வயதில் கைதான பையன். சாட்சி வரவில்லை, மருத்துவர் மாறுதலாகிப் போய்விட்டார், நடுவர் பணியிடம் சில மாதம் காலி, வக்கீல்கள் பணிப் புறக்கணிப்பு. வாய்தா மேல் வாய்தா. தீர்ப்பு வரும்போது அவனுக்கு 23. அவன் எந்தத் தப்பும் புதிதாகச் செய்யவில்லை, ஆனால் 6-ஆம் பிரிவு அவனுக்கு இல்லை. தாமதத்தில் ஒரு பங்கு எங்களுடையது என்பதை மறுக்கவில்லை. இப்படிப்பட்டவருக்கு 4-ஆம் பிரிவு இன்னும் திறந்துதான் இருக்கிறது. 'கைதான நாளில் வயது 19' என்பதை அதற்கான காரணமாக எடுத்துக்கொள்ள உங்களுக்குத் தடை எதுவும் இல்லை.

அப்புறம் புதிதாக வந்திருக்கும் சமூக சேவை. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா, தண்டனை வகைகளில் ஆறாவதாக இதைச் சேர்த்தது. 160 ஆண்டு காலத் தண்டனைச் சட்டத்தில் இல்லாத ஒன்று என்பதால் அப்போது பேச்சு பலமாக இருந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் ஆறு குற்றங்களுக்கு மட்டும்தான். அரசு ஊழியர் சட்டவிரோதமாக வியாபாரத்தில் ஈடுபடுவது, பிரகடனம் செய்தும் ஆஜராகாதது, அதிகாரியைப் பணியவைக்கத் தற்கொலைக்கு முயல்வது, சிறு திருட்டு, குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை, அவதூறு. இவற்றில் உங்கள் கோர்ட்டை அதிகம் தொடக்கூடியது சிறு திருட்டு. பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே, முதல் முறை தண்டனை, பொருளோ அதன் மதிப்போ திரும்பக் கொடுக்கப்பட்டுவிட்டது என்றால் சமூக சேவைதான் தண்டனை. 'கொடுக்கலாம்' என்று இல்லை.

இதில் 5,000 என்ற அந்த எண்ணை முதலில் எழுதுவது யார்? மகஜரில், அதாவது பொருளைக் கைப்பற்றியதற்கான பதிவில், காவல் நிலைய எழுத்தர். மூன்று வருடம் பழகிய, திரை கீறிய ஒரு செல்போன். அதற்கு 4,500 என்று போட்டால் நடைமுறைச் சட்டத்தின் அட்டவணைப்படி அது பிடியாணை இல்லாமல் கைது செய்ய முடியாத, ஜாமீனில் விடக்கூடிய குற்றம். 6,000 என்று போட்டால் கைது, ரிமாண்டு, மூன்றாண்டு வரை சிறை. நடுவில் இருப்பது 1,500 ரூபாய் மட்டும். புகார்தாரர் கடையில் புதிதாக வாங்கிய விலையைச் சொல்வார், அது இயல்பு. மகஜரில் அதே விலை ஏறிவிட்டால் விசாரணையில் யாரும் அதைக் கேட்பதில்லை, தற்காப்பு வக்கீல் உட்பட. பில் எங்கே, எந்த வருடம் வாங்கியது, பொருள் கைப்பற்றப்பட்டபோது எந்த நிலையில் இருந்தது என்று ரிமாண்டு கேட்டு வரும் அன்றே நீங்கள் மூன்று கேள்வி கேட்டால் போதும். அதேபோல 'முதல் முறை' என்பது முன் தண்டனையைக் குறிக்கிறது, நிலுவை வழக்குகளை அல்ல. அவர் மீது வேறு இரண்டு எஃப்.ஐ.ஆர். இருக்கிறது என்ற குறிப்பை வைத்து இந்தச் சலுகையை மறுக்க முடியாது.

சமூக சேவை என்றால் என்ன என்பதற்குச் சட்டத்தில் இருப்பது ஒரே ஒரு விளக்கம்: சமூகத்துக்குப் பயன்படும், ஊதியம் இல்லாத வேலை. எத்தனை மணி நேரம், எங்கே, யார் கண்காணிப்பது, எதுவும் இல்லை. அதை நிரப்ப வேண்டிய பொறுப்பு உங்கள் உத்தரவுக்கு வந்து சேர்கிறது. அதைச் சரியாக எழுதாவிட்டால் என்ன ஆகும் என்று 2024 மே மாதம் புனேயில் பார்த்தோம். கார் மோதி இரண்டு பேர் இறந்த வழக்கில் 17 வயதுப் பையனை 300 வார்த்தைக் கட்டுரை எழுதச் சொல்லி சிறார் நீதி வாரியம் ஜாமீனில் விட்டது. அது தண்டனை இல்லை, ஜாமீன் நிபந்தனைதான். அந்த வித்தியாசமெல்லாம் யாருக்கு நினைவிருக்கிறது? சிறைக்கு மாற்று என்றாலே பணக்கார வீட்டுப் பிள்ளைக்குக் கட்டுரைப் போட்டி என்று ஜனங்கள் மனதில் பதிந்துவிட்டது. அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஆகவே உத்தரவில் இடம், மணிக்கணக்கு, கெடு, வருகையைச் சரிபார்த்துக் கையெழுத்திடும் அலுவலரின் பதவி எல்லாம் இருக்கட்டும். ஒருவர் தினக்கூலி என்றால் பத்து நாள் தொடர்ந்து வரச் சொல்வது பத்து நாள் அபராதத்துக்குச் சமம். ஞாயிற்றுக்கிழமைகளில் பிரித்துக் கொடுக்கலாம். காவல் நிலையத்தைக் கூட்டச் சொல்வது, கழுத்தில் அட்டை மாட்டி நிற்கவைப்பது, வேலை செய்வதைப் படமெடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புவது இதெல்லாம் வேண்டாம். அவமானப்படுத்துவது ஒரு தனித் தண்டனை, அது சட்டத்தின் ஆறு வகைகளில் இல்லை. சேவை செய்யத் தவறினால் சிறை உண்டு என்பதையும் அவருக்குப் புரியும் தமிழில் கூண்டிலேயே சொல்லிவிடுங்கள்.

அபராதத்தைப் பற்றி ஒன்று மட்டும். '5,000 ரூபாய் அபராதம், கட்டத் தவறினால் ஒரு மாதம் மெய்க்காவல் (சாதாரணச் சிறை)' என்பது, கட்ட முடிந்தவருக்கு அபராதம், முடியாதவருக்குச் சிறை. அபராதம் மட்டுமே தண்டனையாக இருக்கும்போது 30 நாள் அவகாசம் கொடுக்கவோ, இரண்டு மூன்று தவணையில் வாங்கவோ சட்டத்தில் இடமிருக்கிறது. எங்கள் தரப்பில் அதைக் கேட்கவே பலருக்குத் தோன்றுவதில்லை. நீங்களாகவே கேட்டுவிடலாம்.

இன்னொரு வழக்கம், நாம் எல்லோரும் சேர்ந்து பழக்கிவிட்டது. ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே இருப்பவர், மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டு, குற்றத்தை ஒப்புக்கொள்கிறார். 'ஏற்கெனவே சிறையில் இருந்த காலமே தண்டனை' என்று தீர்ப்பாகிறது. அன்று மாலையே வீட்டுக்குப் போகிறார். எல்லோருக்கும் நிம்மதி, வழக்கும் முடிந்தது. ஆனால் இங்கே தண்டனையின் அளவை முடிவு செய்தது எது? ஜாமீன்தாரர் கிடைக்காத நாட்களின் எண்ணிக்கை. அதே குற்றத்தில் முதல் நாளே ஜாமீனில் போனவர் நன்னடத்தைப் பத்திரத்தில் தப்பியிருக்கக்கூடும். உள்ளே இருந்தவரோ, குற்றமே செய்யாதவராக இருந்தாலும், வீட்டுக்குப் போகும் அவசரத்தில் ஒரு தண்டனையைத் தலையில் சுமந்துகொண்டு போகிறார். இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அண்மை ஆண்டு அறிக்கைகள் சொல்கின்றன. அதனால் இந்தக் கணக்கு ஒன்றிரண்டு பேர் சம்பந்தப்பட்டதில்லை. அடுத்த முறை அவர் பிடிபட்டால் 'முதல் முறை' என்ற சலுகையும் போயிருக்கும். திருட்டு என்றால் இரண்டாவது தண்டனைக்குக் குறைந்தது ஓராண்டு கடுங்காவல். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன் என்று ஒருவர் சிறையிலிருந்து சொல்லும்போது, இந்தப் பின்விளைவு தெரிந்துதான் சொல்கிறாரா என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

நன்னடத்தைச் சட்டத்தைப் பற்றியும் தப்பான நம்பிக்கைகள் உண்டு. குற்றத் தீர்ப்பால் சட்டப்படி வரும் தகுதியிழப்பிலிருந்து 12-ஆம் பிரிவு காக்கிறது என்பதால், குற்றத் தீர்ப்பே அழிந்துவிடும் என்று கட்சிக்காரர்களிடம் சொல்லும் வக்கீல்களை எனக்குத் தெரியும். அழியாது. அரசு ஊழியர் மீது துறை நடவடிக்கை எடுக்கவும் அது தடையில்லை. 1990-ல் பக்ஷி ராம் வழக்கில் இதை உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

எல்லா வழக்குக்கும் இது பொருந்தும் என்று வாதாடவும் நான் வரவில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமை வழக்குகளில் 18 வயதைத் தாண்டியவருக்கு நன்னடத்தைச் சலுகை கிடையாது என்று அந்தச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு சொல்கிறது. அது இருக்க வேண்டிய இடத்தில் இருக்கும் தடை என்பதே என் கருத்து. கண்மூடித்தனமாக வண்டி ஓட்டி உயிரைப் பறித்த ஓட்டுநர்களுக்கு இந்தச் சலுகை வேண்டாம் என்று 2000-ல் தல்பீர் சிங் வழக்கில் சொன்னதும் புரிந்துகொள்ளக்கூடியதே. மனைவியை அடித்தவரை ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அதே வீட்டுக்கு அனுப்புவது எனக்கும் சம்மதமில்லை. அங்கே மேற்பார்வை வேண்டும், அந்தப் பெண்ணின் கருத்தைக் கேட்க வேண்டும், தனியாக வசிக்க வேண்டும் என்று நிபந்தனை போட வேண்டும். எதிர்ப்பக்கத்தில், குறைந்தபட்சத் தண்டனை ஏழாண்டு என்று இருந்த ஒரு பழைய கொள்ளை வழக்கிலேயே நன்னடத்தைச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2021-ல் பயன்படுத்தியிருக்கிறது (லக்வீர் சிங் வழக்கு). அவர்களே அவ்வளவு தூரம் போகும்போது, செல்போன் வழக்கில் உங்களுக்கு ஏன் தயக்கம்?

பாதிக்கப்பட்டவரை மறந்துவிடுகிறோம் என்ற குறை எப்போதும் எழும். என் அனுபவத்தில் அவரை அதிகம் மறப்பது சிறைத் தண்டனைதான். மண்டை உடைந்தவருக்குத் தையல் போட்ட செலவு, வேலைக்குப் போகாத நாட்கள். எதிராளி ஆறு மாதம் உள்ளே போனால் இதில் ஒரு ரூபாய் அவருக்குத் திரும்புமா? நஷ்ட ஈடு பற்றி நீதிமன்றம் யோசித்ததா, ஏன் கொடுத்தது அல்லது கொடுக்கவில்லை என்பது தீர்ப்பில் தெரிய வேண்டும் என்று 2013-ல் அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் சொல்லியாயிற்று. நன்னடத்தைப் பத்திரத்தோடு நஷ்ட ஈட்டையும் சேர்த்தால், சம்பாதிக்கிற ஆள் வெளியே இருப்பார், பணமும் வரும்.

நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். ஒரு நாள் பட்டியலில் எத்தனை வழக்கு அழைக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். பெஞ்ச் கிளார்க் கூப்பிடும் வேகத்தில் எங்கள் வழக்கையே நாங்கள் தவறவிடுகிறோம். ஆனால் அறிக்கையை எழுதப்போவது நீங்கள் இல்லை. குற்றவாளி என்று முடிவு செய்த அன்று, தண்டனைக்கு ஒரு வாய்தா போட்டு, மாவட்ட நன்னடத்தை அலுவலருக்கு ஒரு கடிதம் போனால் போதும். ஜாமீனில் இருப்பவர் ஜாமீனில் தொடரலாம்; உள்ளே இருப்பவருக்கு மட்டும் வாய்தா குறுகியதாக இருக்கட்டும். அலுவலர் அந்த வீட்டுக்குப் போவார், வேலை கொடுத்தவரைப் பார்ப்பார், அம்மாவிடம் பேசுவார். கூண்டில் நின்று "பாத்து பண்ணுங்க ஐயா" என்றவர் சொல்ல நினைத்தது அந்த அறிக்கையில்தான் இருக்கும். சில நேரம் அவர் மறைக்க நினைத்ததும் இருக்கும். அதற்காகவும்தான் அறிக்கை.

எங்கள் பக்கத்தில் நாங்கள் செய்ய வேண்டியதும் உண்டு. இனி தண்டனை பற்றிய கேள்விக்கு வாயால் மட்டும் பதில் சொல்லாமல் ஒரு மெமோ கொடுக்கிறோம். அதில் வயதுக்குப் பள்ளிச் சான்று, வேலைக்கும் வருமானத்துக்கும் ஆதாரம், முன் தண்டனை இல்லை என்ற விவரம், நஷ்ட ஈடாக எவ்வளவு எப்போது கட்ட முடியும், சமூக சேவை என்றால் எந்த நாட்களில் வர முடியும் என்பதெல்லாம் இருக்கும். பக்கத்து மேசைச் சட்ட உதவி வழக்கறிஞர்களிடமும் சொல்லிவருகிறேன். அந்த மெமோவை வாங்கிக் கோப்பில் சேருங்கள். அரசு உதவி வழக்கறிஞரின் பதிலையும் எழுத்தில் கேளுங்கள். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, இவர் சிறைக்குத்தான் போக வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் அனுப்புங்கள். ஆனால் அந்தப் பழைய வரியை மட்டும் வெட்டிவிட்டு, இந்த மனிதருக்கு ஏன் நன்னடத்தை பொருந்தாது என்று உங்கள் சொந்த வார்த்தையில் மூன்று நான்கு வாக்கியம் எழுதுங்கள். நன்னடத்தையில் விடும் அதிகாரம் 11-ஆம் பிரிவின்கீழ் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் உண்டு. அங்கே போய் நாங்கள் வாதாட அந்த வாக்கியங்கள் வேண்டும்.

இப்படிக்கு,
குற்றவியல் தரப்பு வழக்கறிஞர் ஒருவர்